கொட்டாங்குச்சியில் வந்த நெருப்பு

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு. காலை பத்தே முக்கால் மணி. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் என் அக்கா இருக்கும் ஊருக்கு பஸ் கிடையாது, ஷேர் ஜீப்தான். ஜீப் என்னை ஊர் முனையில் இறக்கிவிட்டுத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. தூசி அடங்கியதும் எதிரே ஒருவர் நடந்து வருவது தெரிந்தது.

அக்காவின் கணவர். தேவராஜ் மாமா. வயது எழுபத்தொன்று. வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு போட்டிருந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து எதையோ ஏந்திக்கொண்டு, சிந்திவிடக் கூடாது என்பதுபோல அளந்து அளந்து வைத்தார் ஒவ்வொரு அடியையும்.

கிட்டே வந்ததும்தான் பார்த்தேன். கொட்டாங்குச்சி. அதில் சாம்பல். சாம்பலுக்கு நடுவே சிவப்பாக நான்கைந்து கங்கு.

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க சார். சாப்ட்டுட்டுத்தான் போவணும். பசங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல மணி அடிச்சிருவாங்க. அடுப்பு இன்னும் பத்தல" என்றார்.

என்னை அவருக்கு நாற்பது வருடமாகத் தெரியும். என் கல்யாணத்துக்குச் சமைத்தவர் அவர். இப்போது நான் 'சார்'.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கூடவே நடந்திருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும். எதுவும் செய்யாமல் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் கையை நீட்டி கொட்டாங்குச்சியைப் பிடுங்கப் போனேன். அவர் வெடுக்கென்று உடம்பைத் திருப்பினார். கங்கு தெறித்தது.

தெறித்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? யாரோ அடுக்கிவைத்த சாமை வைக்கோல் போர்.

மாசி மாத வறட்சி. ஒரு துளி ஈரம் இல்லை. ஷூ காலால் மிதித்தேன், இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டேன், மறுபடி மிதித்தேன். புகை வந்தது, நின்றது. ஷூவின் அடி ரப்பர் இளகிப்போனதோடு முடிந்தது. மாமா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "அவிஞ்சி போச்சே" என்றார்.

* * *

மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மலைக்காரர். அங்கே இருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் சமையல்காரர். தினம் மூன்று வேளை, நூற்றைம்பது பிள்ளைகளுக்கு. அக்கா அடிவாரத்து ஒடுகத்தூர்க்காரி. கிராம சுகாதார நர்ஸாக மலைக்கு வேலைக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். நடுவில் ஒரு காதல் கதை இருக்கிறது. இங்கே அதற்கு இடம் இல்லை.

மூன்று வருடம் முன்பு மாமாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு பெயர், பிறகு நாள், கிழமை. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு டிமென்ஷியா என்றார். உடம்பு திடம். நடை திடம். தினம் காலை பத்தரை மணி ஆனால் மட்டும் ஒரு பதற்றம் வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆகவில்லையே என்கிற பதற்றம். வாட்சைப் பார்ப்பதில்லை, ஆனாலும் பத்து நிமிடம் முன்னே பின்னே தப்பாது.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒருநாள் அதே நேரம். அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமா கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துவிட்டார். டப்பா உருகி எரிந்து, தீ மேலே அலமாரிக்குப் போனது. அலமாரித் தட்டில் விரித்திருந்தது எல்லாம் பழைய செய்தித்தாள். நான் எழுதும் செய்தித்தாள். என் பத்திகளுக்கு இப்படி ஒரு வேகம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

அக்கா ஈரச் சாக்கை எடுத்து வீசி அணைத்தாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. ஒரு மாதம் கட்டு.

மகன் குமரன் வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஓடி வந்தான். அம்மாவின் கையைப் பார்த்தான். கத்தவில்லை. இன்னொரு தடவை இந்த வீட்டில் தீ என்று கேள்விப்பட்டால் அப்பாவை வாணியம்பாடிக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று மட்டும் சொன்னான். அவன் வீடு மாடியில். இரண்டு அறை. அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் அப்பா? உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பூட்டின வூட்டுக்குள்ள தீ புடிச்சா அவுரு எது வழியா வருவாரு?"

 குமரன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கா தன் முடிவை எடுத்தாள். இனி இந்த வீட்டில் தீ வராது, அவரும் இங்கிருந்து போகமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ நாலு விஷயம் படிக்கிறவன். இன்னா பண்ணணும்னு ஒண்ணுவுடாம எழுதிக் குடு" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் படித்து, இரண்டு பேரிடம் கேட்டு, பதினான்கு அயிட்டம்.

* * *

அந்த லிஸ்ட்டை அக்கா எப்படி நிறைவேற்றினாள் என்று சொல்ல வேண்டும். அரசு வேலை பார்த்தவள். உத்தரவு என்றால் உத்தரவு.

சிலிண்டர் சமையல்கட்டை விட்டு வெளியேறியது. சுவரில் துளை போட்டு டியூப் மட்டும் உள்ளே. வெளியே கம்பிக் கூண்டு, அதற்குப் பூட்டு, சாவி அக்காவின் தாலிக்கயிற்றில். தீப்பெட்டி எதுவும் வீட்டில் இல்லை; கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரே ஒரு லைட்டர், அதுவும் அக்காவின் இடுப்புச் சுருக்குப்பையில். சாமி விளக்கு பேட்டரியில் எரிகிறது. விறகடுப்பை இடித்தாள். அலமாரியில் பேப்பர் கிடையாது. அடுப்புக்குப் பக்கத்தில் துணியோ பிளாஸ்டிக்கோ ஒரு முழத்துக்குள் இருக்கக் கூடாது. நைலான் புடவையை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு காட்டனுக்கு மாறினாள். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், நனைத்த சாக்கு. சமையலுக்கு இண்டக்ஷன் அடுப்பு. நேரம் வைத்தால் அதுவே அணைந்துகொள்ளும்.

எல்லாம் சரியாகப் போனது என்று சொல்லமாட்டேன். அயிட்டம் ஆறு: 'தொடாதே' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவும். மாமா அதைத் தெளிவாக, எழுத்துக்கூட்டாமல் படித்தார். படித்து முடித்துத் தொட்டார். அயிட்டம் ஒன்பது: புகை வந்தால் கத்தும் அலாரம். வேலூரிலிருந்து வாங்கி அனுப்பினேன். பக்கத்து வீட்டு விறகுப் புகைக்கே அது முதல்நாள் ஐந்து தடவை கத்தியது. கத்தின ஐந்து தடவையும் மாமா தட்டுகளை எடுத்து வரிசையாகப் போட்டார். பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அக்கா அலாரத்தைக் கழற்றி எனக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

இருந்தாலும் நான்கு மாதம் தீ இல்லை. ஃபோனில் அக்கா குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, இளகிய ஷூவோடு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் போனது சமையல்கட்டுக்கு. கூண்டைப் பார்த்தேன். பூட்டு இருந்தது. இண்டக்ஷன்மேல் குக்கர். தீப்பெட்டி எங்கும் இல்லை. பதினான்கில் பதிமூன்று அயிட்டமும் அதனதன் இடத்தில்.

அப்படியானால் கங்கு எங்கிருந்து வந்தது?

இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி பழக்கம். மாமாவையும் கூட்டிக்கொண்டு அக்காவும் நானும் அவர் வந்த வழியே நடந்தோம். நான்காவது வீட்டு வாசலில் வெள்ளையன் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும். அவன் வீட்டில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அவனே சொன்னான். கொஞ்சமும் மறைக்கவில்லை. "நான்தாம்மா குட்த்தேன். இன்னைக்கி மட்டும் இல்ல, இந்த மாசத்துல நாலாவது தபா. கேக்கறாரு, குடுக்கறோம். காளியம்மா வூட்லயும் வாங்கியிருக்காரு." அவர் காலாற நடந்துவிட்டு வருவதாக அக்கா நினைத்திருந்தாள்; முந்தின கங்கெல்லாம் வழியிலேயே அவிந்திருக்க வேண்டும்.

"ஏன் நெருப்புன்னு கேக்கத் தோணலியாடா உனக்கு?" என்றாள் அக்கா.

வெள்ளையன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "நர்ஸம்மா, எங்கப்பன் ஆத்தா மரம் வெட்டக் காட்டுக்குப் போய்ட்டா எனக்குச் சோறு போட்டது இந்த அண்ணா. ஆறு வருஷம் அவுரு கையால துன்னு வளந்தவன் நானு. அவுரு வந்து வாசல்ல நின்னு ஒரு கங்கு நெருப்பு கேட்டா, எதுக்குன்னா கேப்பேன்?"



இந்த ஊரில் ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. தீப்பெட்டி நமத்துப்போனால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கங்கு வாங்கிக்கொள்வார்கள். கொட்டாங்குச்சியில் சாம்பலைப் பரப்பி, கங்கை வைத்து, மேலே இன்னும் கொஞ்சம் சாம்பல் தூவிக் கொடுப்பார்கள். கேட்டால் இல்லை என்று சொல்கிற பழக்கம் கிடையாது. மாமா சிறுவயதில் தினமும் பார்த்தது அது. தீப்பெட்டியைப் பிடுங்கினோம், அவர் தீப்பெட்டிக்கு முன்னால் இருந்த காலத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் மறதிக்காரர் இல்லை. நேர்த்தியான ஆள்.

நான் லிஸ்ட் எழுதியது ஒரு வீட்டுக்கு. நடந்துபோகிற மனிதருக்கு ஊர் முழுவதும் அடுப்பு.

* * *

திரும்பி வரும்போது ஒன்று உறைத்தது. வெள்ளையன் ஒருமுறைகூட 'அவருக்கு உடம்பு இப்படி இருக்கிறதே' என்று சொல்லவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான் அல்லவா?

"அக்கா, ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

அக்கா நடந்துகொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்து, மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்து, கட்டிலில் உட்காரவைத்த பிறகு சொன்னாள். "சுகர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

என் அக்காவை உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காசநோய் மாத்திரையை ஒளித்துவைத்துக்கொண்டு ஆட்டுக்கு ஊட்டினவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தவள். நோயைச் சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அழுத தாய்மார்களிடம், 'மறச்சா மட்டும் நோவு போயிருமா?' என்று கேட்டவள். அந்த ஊரில் அவள் பேசாத உடம்பு விஷயம் கிடையாது.

தன் வீட்டுக்கு வந்தபோது சுகர்.

"பைத்தியம்னு சொல்லிடுவாங்கடா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ரோட்டுல போறப்ப சின்னப் பசங்க கிண்டல் பண்ணுவாங்க. அவுரு கையால துன்ன ஊரு. அவங்க கண்ணுல அவுரு அப்புடியே இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

நியாயமான ஆசைதான். ஆனால் மாமாவின் கௌரவத்தைக் காப்பாற்ற அவள் மறைத்ததால்தான் ஊர் அவருக்கு நெருப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வைக்கோல் போர் பற்றியிருந்தால்? அடுத்தது வெள்ளையன் மாட்டுக்கொட்டகை. கூரை முழுக்கப் புல்.

குமரனுக்குச் செய்தி போகாமலா இருக்கும்? மறுநாளே போனது. ஜீப் டிரைவர் மூலமாக. அடுத்த ஞாயிறு காரோடு வருகிறேன், அப்பா துணிமணியை எடுத்துவையுங்கள் என்றான். அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிட்டான்.

அக்கா ஃபோனை டேபிள்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கை வெந்த தழும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆறு நாள் இருக்குது" என்றாள்.

நான் ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு சொன்னேன்.

* * *

திங்கள்கிழமை அக்கா வெளியே போகவில்லை. நாள் முழுவதும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரி. நான்கு மாதத்தில் அவள் கவனிக்காத ஒன்றை அன்று கவனித்தாள்.

பத்தரை மணிக்கு மாமா எழுந்து சமையல்கட்டுக்கு வந்தார். இண்டக்ஷனில் குக்கரில் அரிசி வெந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து அடுப்பின் கீழே பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே கிளம்பினார்.

"பாத்தியா? அவுரு நெருப்பத் தேடறாரு. இதுல நெருப்பு கண்ணுக்குத் தெரியல. அப்போ அவுருக்கு இன்னா அர்த்தம்? அடுப்பு எரியல. பசங்க பட்டினி."

அயிட்டம் ஒன்று, இண்டக்ஷன். தீ இல்லாத அடுப்பு என்று நான்தான் பெருமையாக முதலில் போட்டிருந்தேன். தீ இல்லாததால்தான் மாமா தீயைத் தேடி ஊருக்குள் போனார்.

செவ்வாய்க்கிழமை குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டாள். அகல வாய் எவர்சில்வர் பாத்திரம். மூடி கிடையாது. சரியாகப் பத்தரைக்கு உலை கொதிக்கும்படி நேரம் வைத்தாள். மாமா வந்தார். குனியப் போனார். "இன்னாங்க, ஒல கொதிக்குது பாருங்க. அரிசி போடலாமா?" என்று கேட்டாள்.

மாமா எட்டிப் பார்த்தார். தளதளவென்று கொதி. ஆவி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "போடு" என்றார். அவரே படியை எடுத்தார். அக்கா பக்கத்திலேயே நின்றாள், துண்டை அவர் தோளிலிருந்து எடுத்துவிட்டு. வெந்ததும் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். அன்று அவர் வெளியே போகவில்லை.

நூற்றைம்பது பேருக்குச் சமைத்தவர் கொதியைப் பார்த்துத்தான் அடுப்பை நம்புவார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

புதன்கிழமை கரண்ட் போய்விட்டது. மலையில் கரண்ட் போவது செய்தி இல்லை. உலை கொதிக்கவில்லை, மாமா கிளம்பிவிட்டார். அக்கா கூண்டைத் திறந்து கேஸைப் பற்றவைப்பதற்குள் அவர் காளியம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஆக, கொதிக்கிற உலை பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு ஊரிடம் போயாக வேண்டும். அக்காவுக்கும் தெரியும். புதன்கிழமை மத்தியானம் செருப்பை மாட்டினாள்.

* * *

பத்தொன்பது வீடு. அக்கா உட்காரவே இல்லை. எல்லா வீட்டிலும் நின்றபடி, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் சொன்னாள். அவருக்கு சுகர் இல்லை. மூளையில் மறதி நோய். பைத்தியம் இல்லை. நல்லா ஆகாது. நெருப்பு கேட்டால் கொடுக்காதீர்கள். தீப்பெட்டி, பீடி நெருப்பு எதுவும்.

புளி சீசன். எல்லா வாசலிலும் பெண்கள் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னதும் கை நின்றது. ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில், எங்கள் மாமனாருக்கும் கடைசியில் இப்படித்தான், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம் என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

காளியம்மா மட்டும் விடவில்லை. அக்கா வயதுதான் அவருக்கும். புளியைக் கல்மேல் வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா நர்ஸம்மா, எம் மவனுக்கு டிபி வந்தப்போ, 'ஊருக்குத் தெரிஞ்சா இன்னா, உசுரா போவுது'ன்னு எந்த வாய் சொல்லிச்சி?"



"இந்த வாய்தான்" என்றாள் அக்கா.

"சரி, குந்து. மோர் குடிச்சிட்டுப் போ" என்றார் காளியம்மா. பத்தொன்பது வீட்டில் அக்கா உட்கார்ந்தது அந்த ஒரு வீட்டில்.

வியாழனும் வெள்ளியும் பத்தரை நேரத்தில் மறுபடி கரண்ட் போனது. வியாழக்கிழமையே ஒரு சிக்கல். ஒரு வீட்டில் 'நெருப்பு இல்லண்ணா' என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே அடுப்பு எரிவது மாமாவுக்குத் தெரிகிறது. இல்லை என்கிறார்கள். மறதி நோய் வந்தால் அறிவு போய்விடும் என்று யார் சொன்னது? கோபம் வந்து வாசலில் இருந்த குடத்தை எட்டி உதைத்துவிட்டார். பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது பொய் சொல்கிறீர்களா என்று சத்தம்.

இல்லை என்றும் சொல்ல முடியாது. கொடுக்கவும் முடியாது. என்னதான் செய்வது?

வழி கண்டுபிடித்தவன் வெள்ளையன். வெள்ளிக்கிழமை அவன் வாசலில் மாமா நின்றபோது நான் பின்னால் நின்று கேட்டேன். "அண்ணா, நெருப்பு வூட்டுக்கு வந்துடிச்சி, அடுப்பு பத்திக்கிச்சி. சாம்பாருக்குப் புளிதான் இல்லயாம். எடுத்துகினு போவலாம் வாங்க" என்றான். ஒரு முறத்தில் புளியைப் போட்டு மாமா கையில் கொடுத்தான். கூடவே நடந்தான்.

மாமா இரண்டு கையிலும் முறத்தைப் பிடித்துக்கொண்டார். அதே அளந்த நடை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தார். மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது வீட்டுக்கும் அந்த வசனம் போய்ச் சேர்ந்தது.

* * *

போன ஞாயிறு, குமரன் சொன்ன நேரத்துக்கு வந்தான். காரை வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். மணி பத்து. வந்தவன் உட்காரவில்லை. துணி எடுத்துவைத்தாயிற்றா என்று கேட்டான்.

"எடுத்து வெக்கல" என்றாள் அக்கா. "பதினோரு மணி வரைக்கும் இரு. பாத்துட்டு அப்பறம் பேசு."

நல்லவேளை என்றோ கெட்டவேளை என்றோ சொல்லலாம், கரண்ட் இல்லை. உலை கொதிக்கவில்லை. பத்தரைக்கு மாமா எழுந்தார், குனிந்து பார்த்தார், செருப்பு போடாமல் வெளியே இறங்கினார். அக்கா கேஸைத் திறக்கக் கூண்டுப் பக்கம் போனாள். குமரன் அப்பாவைப் பிடிக்க ஓடப் பார்த்தான்.

"வுடு. பின்னால போ. கையப் புடிக்காத" என்றாள்.

குமரனும் நானும் இருபது அடி பின்னால். மாமா காளியம்மா வீட்டில் நின்றார். கேட்டார். நெருப்பு வந்துவிட்டது, புளிதான் வரவில்லை என்றார் காளியம்மா. முறம் நீண்டது. மாமா வாங்கவில்லை. யோசித்தார். அடுத்த வீட்டுக்கு நடந்தார்.  அடுத்த வீட்டிலும் அதே வசனம். அவர் அங்கேயும் வாங்காமல் மூன்றாவது வீட்டுக்குப் போனார். அங்கே இளம்பெண் ஒருத்தி. ஒரு காலத்தில் அவர் பள்ளியில் சாப்பிட்டவள்தான். "அடுப்பு எரியுதுண்ணா. பசங்க உக்காந்தாச்சி. நீங்க வந்தாத்தான் சாம்பாரு" என்று முறத்தை அவர் கையில் வைத்து, அவரோடு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் கேஸில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாமா எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். புளியை எடுத்தார்.

குமரன் வாசலிலேயே நின்றான். "ஊருக்கே சொல்லிட்டியாம்மா?" என்று கேட்டான்.

"சொல்ட்டேன்."

"எல்லாருக்குமா?"

"பத்தொம்போது வூடு. ஜீப் நிக்கற எடத்துல டீக்கட ஒண்ணு பாக்கி. அந்தாளு ஊருக்குப் போயிருந்தாரு. இன்னைக்கிதான் கட தெறந்திருக்காரு."

குமரன் காரை எடுக்கவில்லை. நடந்தே போனான். நானும் கூடப் போனேன். வழியில்தான் சொன்னான். கம்பெனியில் யாருக்கும் தெரியாதாம். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் சுகர் என்று சொல்வானாம். அம்மாவும் மகனும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரே நோயைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

டீக்கடையில் இரண்டு டீ சொன்னான். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டே அப்பா சவுக்கியமா என்று கேட்டார். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குமரன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 

"எங்கப்பாவுக்கு மறதி நோய்ங்க" என்றான். "இங்க வந்து நெருப்பு கேட்டா குடுக்காதீங்க. வூட்ல அடுப்பு எரியுதுன்னு சொல்லி, கூட்டினு வந்து வுட்ருங்க."

கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார். "சரிப்பா" என்றார்.

சாயங்காலம் குமரன் தனியாகத்தான் கிளம்பினான். முடிவாக எதுவும் சொல்லவில்லை. சித்திரை வரைக்கும் பார்க்கலாம் என்றான். சித்திரைக்குப் பிறகும் பார்க்கலாம் என்றாள் அக்கா. இனி மாதத்தில் இரண்டு ஞாயிறு பத்தரைக்கு நான் இருக்கிறேன், நீ கொஞ்சம் படுத்து எழு என்றான். இது புதிது. அக்கா அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

மாமா நாளைக்கே மாறலாம். இந்த வசனம் ஒருநாள் எடுபடாமல் போகும். அப்போது வேறு ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியும், வெள்ளையனுக்கும் தெரியும். ஆளுக்கு ஒன்று யோசித்து வைத்திருக்கிறார்களாம்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். சிலிண்டரைப் பூட்டுங்கள். தீப்பெட்டியை எடுத்துவையுங்கள். வாளியில் மணல் வையுங்கள். அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டாதீர்கள். இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். அதோடு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும்.

தீக்காயத்தைவிட அது சீக்கிரம் ஆறும்.